1984இல் வென்ற மூன்று நட்சத்திரங்கள்: நான் ஏன் சுனில் தத்தைத் தேர்ந்தெடுத்தேன்?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை கூடுகிறது. திரையிலிருந்து அரசியலுக்குப் போன ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி இந்த முறை என்னிடம் சொன்னார்கள். எம்.ஜி.ஆர். கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் 1984 டிசம்பர் தேர்தலை எடுத்துக்கொண்டேன். இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் இந்தித் திரையில் கொடிகட்டிப் பறந்த மூன்று பேர் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனார்கள். அலகாபாத்தில் அமிதாப் பச்சன், தென்சென்னையில் வைஜயந்திமாலா, மும்பை வடமேற்கில் சுனில் தத்.

புகழை வைத்துப் பார்த்தால் அமிதாப்புக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. நாட்டியத்தையும் சேர்த்துக்கொண்டால் வைஜயந்திமாலா தனி உயரம். தேர்தல் வெற்றியிலும் மூவரும் சளைத்தவர்கள் அல்லர். உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் பகுகுணாவை அமிதாப்பும், மூத்த நாடாளுமன்றவாதி இரா. செழியனை வைஜயந்திமாலாவும், பிரபல வழக்கறிஞர் ராம் ஜெத்மலானியை சுனில் தத்தும் தோற்கடித்தார்கள். எதிரில் நின்ற மூவருமே பெரும் பெயர்கள்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, 1984 முதல் 2005 வரை வருடத்துக்கு ஒரு வரியாக எழுதினேன். தேர்தல் செய்திகளுக்குச் சிவப்பு மை. தேர்தல் இல்லாத நாட்களில் செய்ததற்கு நீல மை. ஜெயித்த பிறகு தொகுதியையும் மக்களையும் எப்படிப் பேணினார்கள் என்பதுதான் என் ஒரே கேள்வி. வீடு வாங்குவது பெரிதல்ல, ஆண்டுதோறும் ஒழுகும் கூரையைச் சரிபார்ப்பதில்தான் வீட்டுக்காரரின் குணம் தெரியும். மும்பை மழையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமிதாப்பின் பத்தி 1987இல் நின்றுவிட்டது. ஸ்வீடன் நிறுவனத்திடம் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் என்று எழுந்த போஃபர்ஸ் விவகாரத்தில் பெயர் அடிபட்டதும் பதவி விலகினார். அவர் தவறாக இழுக்கப்பட்டார் என்று ஸ்வீடன் விசாரணை அதிகாரியே 2012இல் சொன்னார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவருக்கு அநியாயம் நடந்தது. ஆனாலும் அவருக்கு வாக்களித்த அலகாபாத்காரர்கள் ஐந்து ஆண்டுகளை எதிர்பார்த்திருந்தார்கள்.

வைஜயந்திமாலாவின் பத்தி நீளமானது. 1989இலும் தென்சென்னையில் வென்றார், 1993இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், 1999இல் காங்கிரஸிலிருந்து விலகி பா.ஜ.க.வில் சேர்ந்தார். சென்னையை நான் கோடை விடுமுறைகளில் மட்டுமே பார்த்தவள். அவர் தொகுதிப் பணியை எடைபோட எனக்கு அருகதை குறைவு. மயிலாப்பூர், அடையாறு வாக்காளர்கள் என்னைத் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

சுனில் தத்தின் பத்தியில்தான் நீல மை நிறைந்திருந்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜீலம் பகுதியில் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து மும்பைக்கு வந்தவர். ஜெய் ஹிந்த் கல்லூரியில் படித்துக்கொண்டே பெஸ்ட் பஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார், ரேடியோ சிலோனில் பேசினார். பிழைக்க வந்த ஊரில் காலூன்றும் பாடு அவருக்குத் தெரியும். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்து சேர்ந்த நம்மவர்களுக்கும் அதே பாடுதான்.

1981 மே 3 அன்று அவர் மனைவி, நடிகை நர்கிஸ் புற்றுநோயில் இறந்தார். மனைவியின் பெயரில் அறக்கட்டளை தொடங்கிப் புற்றுநோயாளிகளுக்காக உழைத்தார். பரேலில் டாட்டா புற்றுநோய் மருத்துவமனை வாசலில் கோப்பும் கையுமாக ஒருமுறையாவது காத்திருந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை புரியும். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்த உறவினர்கள் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள்.

அமிதாப் பதவி விலகிய அதே 1987இல் சுனில் தத் நடந்துகொண்டிருந்தார். பிரிவினைவாத வன்முறையில் பஞ்சாப் பற்றி எரிந்த காலம். அமைதி வேண்டி மும்பையிலிருந்து அமிர்தசரஸ் பொற்கோயில் வரை, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், 78 நாட்கள், மகள் பிரியாவும் உடன் வர. நாளுக்குச் சராசரியாக 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். மாட்டுங்காவிலிருந்து போரிவலிக்கு நடப்பதைவிட அதிகம். அப்போது அவருக்கு வயது 57. தேர்தலுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வழியில் இருந்த ஊர்களில் பெரும்பாலானவை அவர் தொகுதியே அல்ல. அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். என் முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

அதன் பிறகு 1992–93 மும்பைக் கலவரம். நகரம் வெந்த அந்த வாரங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிவாரணத்தில் இறங்கினார். 1993 ஏப்ரலில், மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் மகன், நடிகர் சஞ்சய் தத் கைதானார். ஒரு தந்தையாக அவர் பட்ட வேதனையும், அந்த வழக்கால் அவர் மீது வந்த விமர்சனமும் இந்தக் கதையின் பகுதிதான். அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1996, 1998 தேர்தல்களில் அவர் நிற்கவில்லை. 1999இல் நின்றார், வென்றார். 2004இல் ஐந்தாம் முறையாக வென்று மத்திய அமைச்சரானார். அத்தனை வெற்றியும் ஒரே தொகுதியில், ஒரே கட்சியில். 2005 மே 25 அன்று பாந்திராவில் காலமானபோதும் அமைச்சர்தான்.

கூட்டத்தில் இதைப் படித்து முடித்ததும் எங்கள் மாடியில் குடியிருக்கும் மாமா எழுந்தார். “ஏன்ம்மா, நம் மெட்ராஸ் பெண் இருக்கும்போது இவரையா எடுத்தாய்?” என்று கேட்டார். நான் நோட்டை அவரிடம் நீட்டினேன். மூன்று பத்திகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். 1987ஆம் வருட வரியில் விரல் நின்றது. “இந்த நடைப் பயணம் எனக்கு நினைவிருக்கிறது, பேப்பரில் தினம் பார்ப்பேன்” என்றார். வைஜயந்திமாலாவைப் பற்றி அடுத்த மாதம் அவரே பேசுவதாகச் சொல்லி, நோட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.