கொசப்பேட்டையில் செய்த ஓர் அங்குல மனிதர்கள்

விடுமுறை மொத்தம் பதினெட்டு நாள். அதில் ஆறு நாள் ஒரே கடையின் மாடிப்படியில் போயிற்று. பாரிமுனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் முப்பரிமாண அச்சு செய்து கொடுக்கும் கடை அது. ஓர் அங்குல மனித உருவங்களை அச்சிடக் கொடுத்திருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் சித்தி வீட்டில் இட்லியை முடித்துக்கொண்டு கிளம்புவேன். பகல் பன்னிரண்டுக்கு வெறுங்கையோடு திரும்புவேன். "நாளைக்கு வந்துவிடுங்கள் சார், கண்டிப்பாக." நான்கு நாளும் இதே பதில், அதே குரலில். ஆறாம் நாள் பொருள் கையில் கிடைத்தது. அதை முதலில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

நான் இருப்பது நாட்டிங்காமில், பத்தொன்பது வருடமாக. மேசைப் போர் விளையாட்டுக்கான சிறு உருவங்களுக்குப் பேர்போன ஊர். ஞாயிறு மதியம் ஒரு கூடத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம்; ஆறடி மேசையில் தெரு, வயல், கோட்டை எல்லாம் எழும்; பகடை உருட்டிப் பழைய போர்களை நடத்திப் பார்ப்போம். மற்றவர்கள் வாட்டர்லூ என்றும் நார்மண்டி என்றும் போவார்கள். நான் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பது 1758 டிசம்பர் 14. லாலியின் பிரெஞ்சுப் படை மதராஸின் கருப்பர் நகரத்துக்குள், அதாவது நம் ஜார்ஜ் டவுனுக்குள், நுழைந்த நாள். நுழைந்தவர்கள் வீடு புகுந்து கொள்ளையடித்தார்கள், சாராயம் கண்ட இடத்திலேயே குடித்துக் கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோட்டையிலிருந்து டிரேப்பர் தலைமையில் ஆங்கிலேயப் படை பாய்ந்தது. குறுகிய தெருக்களுக்குள் பீரங்கியோடு சண்டை. முற்றுகை அதன்பின் இரண்டு மாதம் நீண்டு, 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்த பிறகுதான் லாலி முகாமைக் கலைத்தார்.

சிவப்புச் சட்டைக்காரன், வெள்ளைச் சட்டைக்காரன், பீரங்கி, குதிரை எது வேண்டுமானாலும் அங்கே தபாலில் வீடு வந்து சேரும். அந்தத் தெருவில் குடியிருந்த ஜனங்கள்தான் வருவதில்லை. 'பொதுமக்கள்' என்று பெட்டியில் போட்டு விற்பதைப் பிரித்தால் குடை விரித்ததுபோல் பாவாடை கட்டிய ஐரோப்பியச் சீமாட்டியும், பொய்முடி வைத்த வியாபாரியும் இருப்பார்கள். 'இந்தியர்கள்' என்ற பெட்டியில் எனக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் வடமேற்கு எல்லையில் தலைப்பாகை கட்டித் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்கள். ஜெர்மனியின் பிரைசர் நிறுவனம் ரயில் மாதிரிகளுக்காக விதவிதமான மனிதர்களைச் செய்கிறது. அவர்கள் கையில் சூட்கேஸ் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் நெய்தவன், கடற்கரையில் மூட்டை சுமந்தவன், கிணற்றடியில் குடத்தோடு நின்றவள், கும்பெனிக்கு மொழிபெயர்த்த துபாஷி வீட்டுப் பல்லக்குத் தூக்கி, இவர்களில் ஒருவரைக்கூட நான் கடையில் பார்த்ததில்லை. ஜனம் இல்லாத தெருவில் சண்டை நடத்துவது எனக்குப் பொய்யாகப் படுகிறது. எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: குடிமக்கள் குறுக்கே நின்றால் அந்த வரிசை சுட முடியாது, அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் பகடை சொல்லும். குடிமக்களே இல்லாமல் அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குழுவில் ஒரு நண்பர் கணினியில் பன்னிரண்டு உருவங்களை வடித்துக் கொடுத்தார். அதை ஊரில் அச்சிட்டால் செலவு குறையும், ஊர் வேலையாகவும் இருக்கும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாளில் முடியும் என்றார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் முன்பணம். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா சார்?" என்றார் கல்லாவில் இருந்தவர். அதன்பின் அவரை நான் பார்க்கவே இல்லை. மாடியில் இருந்த பையனுக்குக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாது, மறுத்துச் சொல்லவும் தெரியாது. மூன்றாம் நாள் கரண்ட் இல்லை. நான்காம் நாள் அச்சிடும் பிசின் தீர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் கடையே பூட்டியிருந்தது.

ஆறாம் நாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினான். இப்படி அச்சிடும்போது உருவத்தைத் தாங்க மெல்லிய குச்சிகள் சேர்ந்தே வரும். பதமாகச் சூடு காட்டி, நுனிக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். பையன் கட்டிங் பிளேயரால் பிய்த்திருந்தான். பன்னிரண்டில் ஒன்பது பேருக்குக் கை இல்லை. இடுப்பில் குடம் வைத்திருந்தவளின் இடுப்பில் குடம் இருந்த இடம் மட்டும் சொரசொரப்பாக வெளுத்து நின்றது. குழந்தையைத் தூக்கி ஓடியவளிடம் குழந்தையின் கால் இரண்டும் மிச்சம். "கை இல்லாவிட்டால் என்ன சார், சின்னப் பொம்மைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான்.

நான் பார்ப்பேன். அதற்காகத்தான் அவற்றைச் செய்யச் சொன்னேன்.

நாட்டிங்காமில் ஒரு முறை பெட்டியில் ஒரு சிப்பாயின் துப்பாக்கி முறிந்து வந்திருந்தது. ஒரு வரி எழுதிப் போட்டேன். நான்காம் நாள் புதுச் சிப்பாய் தபாலில் வந்தான், மன்னிப்புக் குறிப்போடு. அந்த ஊரைத் தூக்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே குளிரையும் தனிமையையும் நான் அனுபவிக்கிறேன். ஆனால் இரண்டு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. 'நாளைக்கு' என்ற சொல்லை ஆளை அனுப்பிவைக்கும் சொல்லாக நம் கடைகள் இன்னும் வைத்திருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

கோபத்தோடு நடந்தேன். கட்டட மாதிரி செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் வெள்ளை பிளாஸ்டிக் மனிதர்கள் இருந்தார்கள். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் முப்பத்தைந்து மில்லிமீட்டர், நூறில் ஒரு பங்கு என்றால் பதினேழு. எனக்கு வேண்டியது இருபத்தெட்டு. அதையும் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளப்பது வழக்கம், தொப்பியும் தலைக்கவசமும் உச்சந்தலையை மறைத்துவிடும் என்பதால். அளவு கிடக்கட்டும், எல்லாரும் பேன்ட் போட்டிருந்தார்கள்.

மூர் மார்க்கெட் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். 1985இல் அது எரிந்தபோது எனக்குப் பதினோரு வயது. அதற்கு முந்தைய வருடம்தான் அப்பா அங்கே ஒரு பழைய பொம்மைக் கடையில் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பை வாங்கித் தந்தார். எண்ணிப் பார்த்துத் தரமாட்டார்கள், கையால் அள்ளிப் போடுவார்கள். அந்தப் பையில் தப்பித் தவறி ஒரு மரப்பாச்சியும் இருந்தது. என் முதல் குடிமகள் அவள்தான்.

மரப்பாச்சி நினைவு வந்ததும்தான் கொலு ஞாபகம் வந்தது. சிப்பாய் இல்லாமல் ஜனங்களை மட்டும் செய்கிற ஊர் நம்முடையது! செட்டியார், செட்டியாரம்மா, காய்கறிக்காரி, நாதசுரக்காரர், கல்யாண செட், கிராம செட், சந்தை செட். உலகத்தில் வேறு எந்த ஊரில் இத்தனை வகைக் குடிமக்கள் வரிசையாகப் படியில் உட்கார்கிறார்கள்? பந்தர் தெருவுக்குப் போனேன். "சீசன் முடிந்துவிட்டதே" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பரணிலிருந்து ஒரு கிராம செட்டை இறக்கினார். அழகுதான், ஆனால் மூன்று அங்குலம். என் தெருவில் வைத்தால் கூரைக்கு மேல் தலை தெரியும். "சிறிசாக வேண்டுமென்றால் கொசப்பேட்டைக் குயவர்களிடம் கேளுங்கள்" என்று சொல்லி, போகிற வழியையும் எழுதித் தந்தார். நான் எதுவும் வாங்கவில்லை. அதற்காக அவர் முகம் சுளிக்கவும் இல்லை.

கொசப்பேட்டையில் திண்ணையில் ஒரு பெரியவர் பொங்கல் பானைக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தார். கை இல்லாத உருவம் ஒன்றைக் காட்டினேன். மில்லிமீட்டர் கணக்கு அவருக்கு வேண்டாம். கட்டைவிரலின் மேல்கணு பக்கத்தில் வைத்து, "ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட" என்றார். பிறகு கேட்டார்: "இவள் எதற்கு ஓடுகிறாள் தம்பி?"

சொன்னேன். கருப்பர் நகரம், பிரெஞ்சுக்காரன், கொள்ளை, எல்லாம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஓடுகிறவள் குடத்தை இடுப்பில் வைக்கமாட்டாள். குடத்தைப் போட்டுவிடுவாள். பிள்ளை, நகை மூட்டை, இல்லையென்றால் ஆட்டுக்குட்டி. அவள் கையில் இதுதான் இருக்கும்" என்றார். "எல்லாரும் ஓடமாட்டார்கள். வயதானவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்." மூன்று வருடமாக இதைப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது தோன்றவில்லை. நாட்டிங்காமில் எத்தனையோ உருவக் கடைக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். அளவு கேட்பார்கள், உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். அவள் ஏன் ஓடுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பெனி துரைமார்களுக்காக வரைந்து விற்ற தொழிலாளர் தம்பதிப் படங்களின் நகல்கள் என்னிடம் இருந்தன. என் கதைக்குச் சில பத்தாண்டுகள் பிந்தியவை என்றாலும் உடைக்கு அவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு இடத்தில்தான் பெரியவர் தயங்கினார்: ரவிக்கை. "இல்லாமல் செய்தால் வீட்டில் வைக்கமுடியாதே." கொலுவுக்கு அல்ல என்றேன். அவருடைய பாட்டியும் ரவிக்கை போட்டதில்லை என்று கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். மாராப்பைச் சற்று அகலமாக இழுத்துவிட்டார். இருவருக்கும் திருப்தி.

அவர் செய்த விதத்தை அடுத்த நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுண்டுவிரல் தடிமனில் மண்ணை உருட்டி, உள்ளே முடிபோன்ற கம்பி ஒன்றைச் செருகினார். கை தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் உடையும் என்பதால் கைகளை மூட்டையோடும் பிள்ளையோடும் ஒட்டவைத்தே வடித்தார். புடவைக் கொசுவத்துக்கு ஈர்க்குச்சி. நுனியைக் கடித்துத் தட்டையாக்கி, ஈரம் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஏழு மடிப்பு, ஏழும் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. கண், மூக்கு எதுவும் இல்லை. மோவாயைச் சற்றுத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்று தெரிந்தது.

மார்கழிப் பனியில் மண் காய்வது மெதுவாகத்தான் நடக்கும். "எட்டு நாள் ஆகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும்" என்றார். எட்டாம் நாள் தயாராக இருந்தது. உறவினர் ஒருவரின் சூளையில் பொங்கல் பானைகளோடு சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். தொலைந்துபோகாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரு சிறு பானைக்குள் போட்டு வாயை மூடி வைத்தார்களாம். இருபத்து நான்கு உருவங்கள், ஒவ்வொன்றும் நூற்றைம்பது ரூபாய். நாட்டிங்காமில் ஓர் உருவத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட வராது. அதைச் சொல்லி எண்பது ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். மூன்று முறை மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மட்டும் சூளையில் விரிந்திருந்தன. அவற்றுக்குக் காசு வாங்கவில்லை.

தேடிப் போகிறவர்களுக்கு: ஆடியிலிருந்து ஐப்பசிவரை பிள்ளையாரும் கொலுவும் அவர்களை மூச்சுவிட விடாது, அப்போது போகாதீர்கள். கையில் ஒரு மாதிரி உருவம் கொண்டுபோங்கள், அங்குலத்தில் பேசுங்கள், கதையைச் சொல்லுங்கள். வண்ணம் நீங்களே தீட்டிக்கொள்ளலாம், ஆனால் சுட்ட மண் குடிக்கும். அடிப்பூச்சு இரண்டு முறை வேண்டும். விமானத்தில் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் எடுத்து வந்தேன்.

அடுத்தது மசூலா படகு கேட்டிருக்கிறேன். துறைமுகம் இல்லாத மதராஸில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைத் தாண்டியது அதுதான். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்தது, அலை அறைந்தால் வளைந்துகொடுக்கும். அந்தத் தையல் தெரிய வேண்டும் என்றேன். பலகைக்குப் பலகை ஈர்க்குச்சியால் துளை போட்டு, நிஜ நூலையே கோத்துவிடலாமா என்று கேட்கிறார். பொங்கல் வேலை முடிந்ததும் ஆரம்பிப்பார். முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.