ஆர் மென்பொருளுக்கு 'உரிமக் கட்டணம்' வாங்கிய பயிற்சி நிலையம்: சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் கவனிக்க

மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுப் பக்கம் நகரலாம் என்று நினைக்கும் தமிழர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். தாதியர், மருந்தாளர், பகுதிநேரமாகப் பொதுச் சுகாதார முதுகலை படிப்பவர்கள் என்று பலர். எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் புள்ளியியல் மென்பொருள் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நிலையத்தில் நானும் இன்னும் பலரும் பணம் கட்டினோம். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை, தவிர இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்கள் மட்டும் அல்ல.

விளம்பரம் தாதியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்தது. பொதுச் சுகாதாரத் தரவுப் பகுப்பாய்வு, எஸ்பிஎஸ்எஸ், ஸ்டாட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் மூன்றும், இரண்டே வார இறுதிகளில், சான்றிதழுடன். கற்பிப்பவர் அனுபவமுள்ள தொற்றுநோயியல் நிபுணர் என்று கோட் போட்ட ஒருவரின் படம். கட்டணம் 1,380 வெள்ளி, பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம் என்று கீழே ஒரு வரி.

தொலைபேசியில் பேசியவர் நல்ல தமிழில் பேசினார். "அக்கா, நம்ம ஆளுங்களுக்குன்னுதான் இந்த விலை. இன்னும் ரெண்டு சீட்டுதான் இருக்கு." மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் தேடியும் இந்த வகுப்பு வரவில்லையே என்றேன். "அப்ரூவல் வந்துகிட்டே இருக்குக்கா. இப்போ கட்டிடுங்க, அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம்."

அப்படி ஒரு 'அப்புறம்' கிடையாது. அந்தத் தளத்தில் பட்டியலிடப்பட்ட வகுப்புகளுக்குத்தான் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை செல்லும்; வகுப்பு தொடங்குமுன்பே விண்ணப்பிக்கவும் வேண்டும். 2017ஆம் ஆண்டில் போலி விண்ணப்பங்கள் மூலம் ஏறத்தாழ 4 கோடி வெள்ளி சுருட்டப்பட்ட விவகாரம் வெளிவந்த பிறகு, இதில் யாரும் மெத்தனமாக இருப்பதில்லை. தொகை கிடைக்காது என்று தெரிந்துதான் நான் கைக்காசைப் போட்டேன். எங்கள் ஆய்வுக் குழுவில் தரவு வேலை தொடங்க இருந்தது. ஆனால் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பலர் அந்த வாக்கை நம்பிச் சேர்ந்தவர்கள்.

பணம் அனுப்பப் பேநவ் எண் கேட்டபோது ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்கள். நிறுவனப் பதிவு எண் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்ட பிறகே அது வந்தது. பதிவு எண் கைக்கு வந்தால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். தனியார் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இப்போது யார்மேல் வழக்குப் போடுவது என்பதே குழப்பமாக இருக்கிறது.

ரசீது முதல் வகுப்பன்றுதான் கைக்கு வந்தது. பயிற்சி 980 வெள்ளி. எஸ்பிஎஸ்எஸ் உரிமம் 150. ஸ்டாட்டா உரிமம் 150. ஆர் உரிமம் 100.

ஆர் உரிமம்! ஆர் மென்பொருளை உருவாக்கியவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும். 2000ஆம் ஆண்டில் முதல் முழுப் பதிப்பு வந்தது. அன்றும் இன்றும் அது யாரும் பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள். அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோவுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. 100 வெள்ளி எதற்கு என்று கேட்டேன். "இன்ஸ்டலேஷன் சப்போர்ட்" என்றார்கள். கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில்தான் ஆர் திறக்கப்பட்டது. தேவையான பொதிகள் (கூடுதல் நிரல் தொகுப்புகள்) இறங்கவில்லை, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. "ஆர் ரொம்பக் கஷ்டம், உங்களுக்குத் தேவைப்படாது" என்று முடித்துவிட்டார்கள்.

மற்ற இரண்டின் கதை இன்னும் மோசம். 150 வெள்ளி எஸ்பிஎஸ்எஸ் உரிமம் என்பது ஐபிஎம் நிறுவனம் யாருக்கும் இலவசமாகத் தரும் சோதனைப் பதிப்பு. சிறிது நாளில் தானாகவே நின்றுவிடும். ஸ்டாட்டா ஒரு தம்ப்டிரைவில் வந்தது. உள்ளே ஒரு குறிப்பு: முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவிடுங்கள். அதாவது திருட்டுப் பதிப்பு. மருத்துவமனை கொடுத்த மடிக்கணினியைக் கொண்டுவந்த ஒருவரிடம், ஐடி பிரிவில் நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி நிறுவிக்கொள்ளுமாறு சொன்னார்கள். அவர் அதைச் செய்திருந்தால் வேலையே போயிருக்கும். மாணவர்களுக்கு ஸ்டாட்டா நிறுவனமே குறைந்த விலையில் உரிமம் விற்கிறது என்பதை அந்த வகுப்பில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

படத்தில் இருந்த நிபுணர் வரவே இல்லை. வந்தவர் ஓர் இளைஞர், மரியாதையானவர். முந்தைய நாள் மாலைதான் தன்னைக் கூப்பிட்டார்கள், தன் துறை சந்தைப்படுத்தல் என்று தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொண்டுவந்த தரவு ஒரு கடையின் விற்பனைக் கணக்கு. ஒரு வரிசைகூட விடுபடாத, சுத்தம் செய்த தரவு. நாங்கள் முணுமுணுத்ததும், மறுநாள் சுகாதாரத் தரவு கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டும் வந்தார். அமெரிக்க மக்களின் உடல்நலம் பற்றி அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் என்ஹேன்ஸ் ஆய்வு. அருமையான தரவு, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தொடத் தெரிந்திருக்க வேண்டும்.

நீரிழிவு இருப்பதாக மருத்துவர் சொன்னாரா என்ற கேள்விக்கு அந்தத் தரவில் 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, 3 என்றால் எல்லைக்கோட்டில். பதில் சொல்ல மறுத்தால் 7, தெரியாது என்றால் 9. இவர் நேராகச் சராசரி பார்க்கும் கட்டளையை அழுத்தினார். இரண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓர் எண் வந்தது. "இதுதான் நீரிழிவின் சராசரி" என்றார். ஆம், இல்லை, தெரியாது ஆகியவற்றுக்கு என்ன சராசரி? பின்வரிசையில் ஒரு மூத்த தாதி சிரித்தே விட்டார். உண்மையான சுகாதாரத் தரவில் முதல் வேலை, குறியீட்டுப் புத்தகத்தைப் படித்து 7ஐயும் 9ஐயும் விடுபட்ட மதிப்புகளாக மாற்றுவது. அந்தப் புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. என்ஹேன்ஸ் ஆய்வில் சில இனத்தவரையும் முதியவர்களையும் மக்கள்தொகை விகிதத்தைவிட வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரிவினரைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்லுமளவுக்கு ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். நம் ஊரின் தேசியச் சுகாதார ஆய்வுகளிலும் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் இப்படிக் கூடுதலாக எடுத்ததுண்டு. அப்படிச் சேர்த்ததை ஈடுகட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் எடை மதிப்பு கொடுத்திருப்பார்கள். ஒரு மாணவர் அதைப் பற்றிக் கேட்டதும், பயிற்றுநர் எஸ்பிஎஸ்எஸ் பட்டியலில் 'வெயிட் கேசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். மாதிரியின் அளவு சில ஆயிரத்திலிருந்து 30 கோடிக்கு மேலே தாவியது. அந்த எடைகளைக் கூட்டினால் அமெரிக்க மக்கள்தொகை வரும், அதனால்! மென்பொருளோ அத்தனை பேரையும் நேரில் பேட்டி கண்டதாக எடுத்துக்கொண்டது. எந்தச் சோதனையை ஓட்டினாலும் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் நிகழ்தகவு) .000. "பாருங்க, எல்லாமே சிக்னிஃபிகன்ட்!" என்று அவர் மகிழ்ந்தார். நிகழ்தகவு சுழியம் என்றும் விளக்கினார். எஸ்பிஎஸ்எஸ் .000 என்று காட்டினால் 0.0005ஐவிடக் குறைவு என்றுதான் பொருள், கட்டுரையில் 0.001க்குக் குறைவு என்றே எழுதுவார்கள்.

இப்படிப்பட்ட தரவுக்கு எடை மட்டும் போதாது, மக்களைப் பிரித்த அடுக்குகள், ஆட்களைத் தேர்ந்தெடுத்த இடக் கொத்துகள் ஆகிய விவரங்களையும் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் அதற்குத் தனியாகக் காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ் பிரிவு இருக்கிறது. ஸ்டாட்டாவில் 'எஸ்விஒய்' கட்டளைகள். ஆர் மொழியில் தாமஸ் லம்லி எழுதிய 'சர்வே' பொதி. இதையெல்லாம் பிறகு எங்கள் குழுவின் புள்ளியியலாளரிடம்தான் கற்றேன்.

ஆட்ஸ் ரேஷியோவின் கதையையும் கேளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுவதுதான் அது. ஒரு குழுவில் 100 பேருக்கு 60 பேருக்கு உயர் ரத்த அழுத்தம், இன்னொன்றில் 100க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவின் அபாயம் ஒன்றரை மடங்கு. ஆட்ஸ் ரேஷியோ கணக்கிட்டால் 2.25 வரும். எண் சரிதான். ஆனால் அதை வைத்து "இரண்டே கால் மடங்கு அபாயம்" என்று எழுதச் சொன்னார்கள். அரிதான நோய்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நீரிழிவு, ரத்த அழுத்தம் மாதிரி ஊரெல்லாம் இருக்கும் நோய்க்கு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு உடல் எடையைக் காட்டும் எண்) வகைப்பாட்டிலும் அதே அலட்சியம். 25, 30 என்ற எல்லைகளை மட்டும் போட்டார்கள். ஆசியர்களின் நோய் அபாயத்துக்குச் சிங்கப்பூரில் 23, 27.5 என்ற எல்லைகள் உண்டு. பிஎம்ஐ 24.5 உள்ள ஒருவர் அவர்கள் அட்டவணையில் இயல்பானவர், நம் அட்டவணையில் மிதமான அபாயம் உள்ளவர். சிங்கப்பூரில் பொதுச் சுகாதாரம் கற்பிப்பவர் இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

இது வரைக்கும் பணம்தான் நட்டம். அடுத்துச் சொல்லப்போவது சட்டச் சிக்கல்.

இரண்டாவது வார இறுதிக்கு "உங்கள் சொந்தத் தரவைக் கொண்டுவாருங்கள், நாங்களே அலசித் தருகிறோம்" என்று செய்தி அனுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் டிரைவ் கோப்புறையில் ஏற்றச் சொன்னார்கள். ஒருவர் ஏற்றிய கோப்பில் நோயாளிகளின் அடையாள அட்டை எண்கள் அப்படியே இருந்தன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது. அடையாள அட்டை எண்ணைக் கண்டபடி சேகரிக்கக்கூடாது என்ற விதிகள் 2019 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கின்றன. ஆய்வு நெறிமுறைக் குழு உங்களுக்குக் கொடுத்த அனுமதி உங்கள் குழுவுக்கு மட்டும்தான், பயிற்சி நிலையத்துக்கு அல்ல. நாங்கள் சொன்ன பிறகு அவர் கோப்பை நீக்கினார். அதற்குள் யார் இறக்கினார்களோ.

கூடவே 600 வெள்ளிக்கு ஒரு 'தொகுப்பு'. ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தை அவர்களே எழுதித் தருவார்களாம். எந்தப் பல்கலைக்கழகமும் இதைக் கல்வி மோசடி என்றுதான் பார்க்கும். வாய்மொழித் தேர்வில் ஏன் இந்தச் சோதனையைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால் யார் வந்து பதில் சொல்வார்கள்?

இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் எளிது. வாங்குபவருக்குப் பொருளின் தரம் தெரியாது. தெரிந்தால் அவருக்கு வகுப்பே தேவையில்லை. அதனால் பணம் கட்டுமுன் புள்ளியியல் தெரியாதவர்களும் சரிபார்க்கக்கூடியவற்றைக் கேளுங்கள். எந்தத் தரவு, அதை முன்கூட்டியே அனுப்புவார்களா? விடுபட்ட மதிப்புகளையும் எடைகளையும் எந்த நாளில் நடத்துவார்கள்? வகுப்பு முடிந்ததும் கட்டளைக் கோப்புகளை (மென்பொருளுக்குக் கொடுத்த கட்டளைகள் வரிசையாக எழுதிய கோப்புகளை) தருவார்களா, அல்லது சுட்டியால் அழுத்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்களா? கட்டளைக் கோப்பு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் முடிவை உங்களாலேயே மறுபடி கொண்டுவர முடியாது. இரண்டு வார இறுதியில் மூன்று மென்பொருள் என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை. உங்கள் குழு எதைப் பயன்படுத்துகிறதோ அதில் ஒன்றைக் கற்றால் போதும். எஸ்பிஎஸ்எஸ் மாதிரிப் பட்டியல் வைத்த மென்பொருள்தான் வேண்டுமென்றால் ஜமோவி இருக்கிறது, உள்ளே ஓடுவது ஆர், காசு கிடையாது. என்ஹேன்ஸ் தளத்திலேயே எடைகளை எப்படிப் பயன்படுத்துவது என்று மாதிரிக் கட்டளைகளோடு பாடம் வைத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினேன். கட்டணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையில் இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த வகுப்பில் இலவசமாக உட்காருங்கள் என்று பதில். அன்றிரவே விளம்பரமும் மறைந்தது. பணம் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி போட்டுவிட்டதாலேயே பொய் விளம்பரத்துக்கான பொறுப்பு போய்விடாது. பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்துவிட்டு, சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இணையம் வழியாகத் தாக்கல் செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுப்பார்கள், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது. அறிவிப்பு போய்ச் சேர்ந்ததும் உரிமக் கட்டணம் 400 வெள்ளி மட்டும் பேசாமல் என் கணக்குக்கு வந்தது. மிச்சம் 980 வெள்ளிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். தாக்கல் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விளம்பரத்தின் படம் இல்லாதவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.