லைனில் கோளாறு எங்கே என்று சொல்லும் மோடம்: யூஎஸ் ரோபோட்டிக்ஸ் 56கே

செங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை டிசைன் முடித்து சிவகாசி அச்சகத்துக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், புனலூர், ஆரியங்காவு பக்கமிருந்து மலையாளப் பத்திரிகைக்கும் ஆள் வரும். பிராட்பேண்ட் எட்டிப் பார்க்காத காலத்தில் டெலிபோன் லைனிலேயே மோடம் வைத்து இணையத்தைப் பிடிக்கும் டயல்-அப்தான் கதி. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு அப்போது நான் சொன்னது இதுதான்: யூஎஸ் ரோபோட்டிக்ஸின் 56கே வெளி மோடத்தை, கம்ப்யூட்டரின் பின்பக்க சீரியல் போர்ட்டில் செருகுகிற அந்த மாடலை, தாராளமாக வாங்கலாம்.

ஆனால் வேகத்துக்காக வாங்காதீர்கள். 56கே, அதாவது நொடிக்கு 56,000 பிட் என்பது டவுன்லோடுக்கு மட்டும். வி.90 என்ற தரத்தில் ஓடுகிற இந்த மாதிரி 56கே மோடத்தில் நாம் அனுப்புகிற பக்கம், லைன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நொடிக்கு 33,600 பிட்டைத் தாண்டாது. 4 எம்பி ஃபைல் போக 16, 17 நிமிடம் ஆகத்தான் செய்யும். ஜேபெக் படம் என்றால் மோடம் செய்கிற கம்ப்ரஷனும் கைகொடுக்காது, ஏற்கெனவே சுருக்கியதை இன்னும் எவ்வளவு சுருக்க? அதே ஃபைல் முக்கால் மணி நேரம் இழுத்துப் பாதியில் அறுந்துபோனால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. எங்கே என்று இந்தப் பெட்டி காட்டிக்கொடுக்கும், காசு அதற்குத்தான்.

முன்பக்கம் ஏஆர்க்யூ (ARQ) என்று ஒரு விளக்கு இருக்கிறது. லைனில் இரைச்சல் புகுந்து டேட்டா கெட்டு, மோடம் அதையே மறுபடி அனுப்பும்போது அது மினுக்கும். விண்டோஸ் காட்டுகிற வேகத்தை நம்பாதீர்கள், அது கனெக்ட் ஆன நேரத்து வேகம், நடுவில் குறைந்தால் சொல்லாது. இணைப்பைத் துண்டித்ததும் மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கிற ஹைப்பர்டெர்மினல் புரோகிராமில் ஏடிஐ6 (ATI6) என்று அடித்தால் எத்தனை பிளாக் (டேட்டாத் துண்டு) போனது, எத்தனை திரும்ப அனுப்பப்பட்டது என்று முழுக் கணக்கும் வந்துவிடும்.

சாரல் பிடித்த நாளிலிருந்து எங்கள் கடையில் அந்த விளக்கு ஓயவே இல்லை. மாடி எக்ஸ்டென்ஷன் போனைக் கழற்றிவிட்டு, லைன் உள்ளே நுழைகிற ரோசெட் என்ற சின்ன இணைப்புப் பெட்டியிலேயே மோடத்தைச் செருகி அதே ஃபைலை அனுப்பினேன். திரும்ப அனுப்பிய பிளாக் கொஞ்சமும் குறையவில்லை. சரி, கோளாறு வெளியேதான். "பேச்சு தெளிவாத்தான கேக்கு அண்ணாச்சி" என்ற டெலிபோன் லைன்மேனிடம் அந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் கம்பத்துப் பெட்டியைத் திறந்தார். முறுக்கிவிட்டிருந்த செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு, உள்ளே ஈரம் கோத்து நின்றது. வெட்டிச் சுரண்டிப் புதிதாக இணைத்துக் கொடுத்தார். நொடிக்கு 26,400 பிட்டில் கனெக்ட் ஆகிக்கொண்டிருந்தது அதன்பிறகு 45,333 ஆனது, அனுப்புகிற பக்கமும் 31,200. வாய்ப்பேச்சுக்குப் போதுமான லைன் டேட்டாவுக்குப் போதாது என்பதை வாதாடிப் புரியவைக்க முடியாது, எண்ணைக் காட்டினால் வேலை நடக்கிறது.

இன்னொன்று, கம்ப்யூட்டர் பிராசசரையே நம்பி ஓடுகிற மலிவான உள் மோடம், பத்திரிகை டிசைன் செய்கிற பேஜ்மேக்கரைத் திறந்தாலே தடுமாறும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. மாட்டியதும் விண்டோஸின் மோடம் அமைப்பில் போர்ட் வேகத்தை, அதாவது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள வேகத்தை, 115200 என்று வைத்துவிடுங்கள்.

உள் மோடத்தோடு பார்த்தால் விலை அதிகம்தான். அப்புறம், அப்போதே புதுக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் ஒன்பது பின் சீரியல் போர்ட்டே வைக்கவில்லை, பின்பக்கம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.