நிஷாகந்தி விரிவதைக் காட்டிய டைமர் ரிமோட்

எங்கள் மொட்டை மாடியில் ஒரு நிஷாகந்தி இருக்கிறது, சிலர் பிரம்ம கமலம் என்பார்கள். இருட்டிய பிறகு விரிய ஆரம்பித்து நள்ளிரவுக்குள் முழுதாக மலர்ந்து விடியும்போது தலை தொங்கிவிடும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அது அசைவது கண்ணுக்குத் தெரியாது. அந்த அசைவைப் பார்க்கத்தான் கேமராவில் சொருகும் இந்த டைமர் ரிமோட்டை வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. இத்தனை வினாடிக்கு ஒரு படம் என்று தானாக எடுக்கும் வசதி என் பழைய டிஎஸ்எல்ஆரில் இல்லை. உங்கள் கேமராவிலேயே இருந்தால் இது தேவையில்லை.

30 வினாடிக்கு ஒரு படம் என்று வைத்து இரவு எட்டு மணிக்கு ஓடவிட்டேன். பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் கேமரா நின்றுபோயிருக்கிறது, பூவோ இன்னும் முழுதாக விரியவில்லை. விஷயம் என்னவென்றால், இந்த ரிமோட்டில் படங்களின் எண்ணிக்கையை 399 வரைதான் வைக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு வருகிற வரை அழுத்த வேண்டும், அப்போது நாம் நிறுத்தும்வரை எடுத்துக்கொண்டே இருக்கும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அன்று ராத்திரி நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

நல்லவேளை, இரண்டு நாள் கழித்து இன்னொரு மொட்டு தயாரானது. இந்த முறை ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாவற்றையும் படத்துக்குப் படம் மாறாதபடி மேனுவலில் பூட்டி, ஒரே ஒரு எல்இடி விளக்கை நகர்த்தாமல் வைத்தேன். நான்கு மணி நேரம், 480 படம், நொடிக்கு 24 என்று ஓட்டினால் 20 நொடி வீடியோ. வெளியே இருக்கும் ஒல்லி இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைகின்றன, ஒரு இதழ் விடுபடும்போது பூ முழுவதும் லேசாக அதிர்கிறது, காம்பும் சேர்ந்து மெல்ல ஆடுகிறது. சீராக விரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை ஓடும்போது ஒவ்வொரு ஷட்டராக விழவைத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் நேரத்தில்தான், ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல என்பது அப்படித்தான் தெரியவந்தது. குதிரைக்கு நொடியைப் பிளக்க வேண்டும், பூவுக்கு மணிகளைச் சுருக்க வேண்டும். எந்த இடைவெளியில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அந்த இடைவெளியை இந்த ரிமோட் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

குறை என்றால் ஆஃப் பட்டன் கிடையாது, வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. வயரும் குட்டை. அப்புறம், வாங்கும் முன் கேமராவின் ரிமோட் துளையைப் பாருங்கள், ஒரே கம்பெனியின் கேமராக்களிலேயே மாடலுக்கு மாடல் அது மாறும்.