பிளாக்செயின் பேப்பருக்கு பார்ட் டைம் ஆளு: யாரைக் கூப்பிடலாம்?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு செல்ஃப் ஃபைனான்ஸிங் இன்ஜினியரிங் காலேஜ்ங்க நம்மளது, பேரு வேணாம். இந்த செமஸ்டர் எலெக்டிவ் செலக்ட் பண்றப்போ பாதி கிளாஸ் கிரிப்டோகரன்சி அண்ட் பிளாக்செயின் டெக்னாலஜிஸ டிக் பண்ணிட்டாங்க. டிஜிட்டல் காசு, ஒரே கணக்கைப் பல கம்ப்யூட்டர் சேர்ந்து வச்சுக்கற பிளாக்செயின், இது ரெண்டையும் பத்தின அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன் பேப்பர், வாரத்துக்கு 2 பீரியட் தியரி, 2 பீரியட் லேப், செமஸ்டருக்கு 60 பீரியட். எடுக்கத்தான் ஆளில்ல. "மேடம், பார்ட் டைம்ல யாரையாச்சும் பாத்துருங்க"ன்னு எச்ஓடி என் தலைல கட்டிட்டாரு.

முதல்ல பிரின்சிபல், கம்பெனி அனுபவம் உள்ளவங்களை வாத்தியாரா எடுக்கலாம்னு புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்னு ஒண்ணை யுஜிசி 2022ல கொண்டு வந்துச்சே, அதுல ஒருத்தரைப் போட்டா பேரும் நல்லாருக்கும்னாரு. அதுக்கு 15 வருஷ அனுபவம் கேக்கறாங்க. பிளாக்செயின்ல பெரிய நெட்வொர்க்கான எத்தீரியம் வந்ததே 2015ல. சாஃப்ட்வேர்ல 15 வருஷம் இருந்து பிளாக்செயின் பக்கம் வந்தவரா தேடணும், அப்படி ஒரு ஆளு நம்ம குடுக்கற காசுக்கு எதுக்கு வரப்போறாரு. அது அங்கயே முடிஞ்சுது.

அப்புறம் மூணு டெமோ பாத்தோம்.

பெங்களூர்ல ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயின் மேல தானா ஓடற புரோகிராம், எழுதற ஒரு தம்பி, ஊரு நம்ம பொள்ளாச்சி, அடிக்கடி சனி ஞாயிறு வீட்டுக்கு வர்றவரு. வந்தவரு ஸ்லைடே போடல. பிரவுசர்லயே கான்ட்ராக்ட் எழுதற ரீமிக்ஸைத் திறந்து, காசு போடலாம் எடுக்கலாம்னு சின்னதா ஒரு பேங்க் கான்ட்ராக்ட் எழுதினாரு, அதுல வித்ட்ரா ஃபங்ஷன்ல காசை முதல்ல அனுப்பிட்டு அப்புறமா பேலன்ஸைக் கழிக்குது, "இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டாரு, ஒருத்தனுக்கும் தெரியல, உடனே இன்னொரு கான்ட்ராக்ட் எழுதி கழிக்கறதுக்குள்ள திரும்பத் திரும்ப வித்ட்ராவைக் கூப்பிட வச்சு மொத்தத்தையும் உருவிக் காட்டிட்டாரு. 2016 ஜூன்ல எத்தீரியத்துல ஓடின டிஏஓங்கற முதலீட்டு ஃபண்டுல இருந்து 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தோட காசு) போனது இந்த வழியிலதான்னு சொன்னதும் பின் பெஞ்ச்ல இருந்தவனெல்லாம் போனை உள்ள வச்சுட்டான். ஆனா பிளாக்ல இருக்கற டேட்டா மாறலைன்னு செக் பண்ற மெர்க்கிள் ட்ரீ பத்தி நான் கேட்டதுக்கு "அதெல்லாம் லைப்ரரி பாத்துக்கும் மேடம்"னுட்டாரு! அது 13 மார்க் கேள்வி தம்பி, பையன் பேப்பர்ல லைப்ரரி பாத்துக்கும்னு எழுதினா யாரு மார்க் போடறது.

அடுத்தது ஒரு பிஎச்டி ஸ்காலர். போர்டும் சாக்பீஸும் போதும் அந்தப் பொண்ணுக்கு. நாலு கம்ப்யூட்டர்னு நாலு வட்டம் போட்டு, ஒருத்தன் பொய் சொன்னாலும் மத்த மூணு பேரும் எப்படி ஒரே முடிவுக்கு வர்றாங்க, மொத்தமே மூணு பேர்னா ஏன் முடியாதுன்னு அம்பு அம்பா போட்டுக் காட்டுச்சு, நானே அன்னைக்குத்தான் அதை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேன். குறை எங்கன்னா, எத்தீரியத்துல மைனிங் (கணக்குப் போட்டி போட்டு பிளாக் சேக்கறது) நடக்குதுன்னு ஸ்லைடுல இன்னும் இருக்கு. 2022 செப்டம்பர்லயே, ஈதரைப் பிணையா வச்சு பிளாக் சேக்கற ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறியாச்சே. லேப் பிளானும் ட்ரஃபிள், கனாஷ்னு கான்ட்ராக்ட் டெஸ்ட் பண்ற ரெண்டு டூல் வச்சுத்தான் போட்டிருந்துச்சு, அது ரெண்டையும் நிறுத்தப்போறோம்னு 2023லயே சொல்லிட்டாங்க.

மூணாவது ஒரு டிரெய்னிங் கம்பெனி. 1,20,000 கொட்டேஷன், கூடவே எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட். டெமோவுக்கு வந்தவரே கிளாஸுக்கும் வருவாரான்னு கேட்டா "டீம்ல ஒருத்தர் வருவாங்க"ன்னாங்க. காபி குடுத்து அனுப்பிட்டோம்.

ஆளே வேணாம், நம்ம ஸ்டாஃப்ல ஒருத்தர் ஐஐடி கரக்பூரோட என்பிடெல் ஆன்லைன் வீடியோ கோர்ஸ் 12 வாரம் பாத்துட்டு எடுத்துரலாம்னு ஒரு யோசனையும் வந்துச்சு. செலவு கம்மிதான். தியரிக்கு அது தாராளமா போதும்னு நான் இப்பவும் சொல்வேன், லேப்தான் படுத்துரும், ஏன்னா வீடியோவை நிறுத்திட்டு பையன் கை தூக்கறப்போ பதில் சொல்ல அங்க யாரும் இல்ல.

உண்மைல முடிவு பண்ண வச்சது நான் எல்லார்கிட்டயும் கேட்ட ஒரே கேள்விதான். கம்பெனிகளுக்கான பிளாக்செயின் சாஃப்ட்வேரான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் லேப், 40 மெஷின்ல பாதி 4 ஜிபி ரேம், அதை ஓட்டத் தேவையான டாக்கர் இமேஜை (ரெடிமேட் சாஃப்ட்வேர் பேக்கேஜ்) காலேஜ் ஃபயர்வால் இறக்க விடாது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல எரர் வருது, என்ன பண்ணுவீங்க? ஸ்காலர் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ஸ்கிரீன்ஷாட் குடுத்து ரெக்கார்ட் எழுத வச்சிடலாம் மேம்"னுச்சு. நேர்மையான பதில், நாங்க பல லேப்ல அதத்தான் பண்றோம். பெங்களூர் தம்பி "நாலஞ்சு நல்ல மெஷின் மட்டும் குடுங்க, இமேஜ் எல்லாம் முன்னாடியே பென் டிரைவ்ல கொண்டு வர்றேன், குரூப்புக்கு ஒரு நெட்வொர்க் ஏத்தி மத்தவங்களை அதுல கனெக்ட் பண்ண வச்சிடலாம்"னாரு. இதே மாதிரி எங்கயோ அவஸ்தைப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுது.

அதனால ஒருத்தரையே ஏன் போடணும்னு ரெண்டாப் பிரிச்சுட்டோம். தியரி 30 பீரியட் அந்தப் பொண்ணுக்கு, பீரியடுக்கு 800, கைடுகிட்ட என்ஓசி வாங்கிட்டு வரணும், ஸ்லைடை நான் ஒரு தடவ பாத்துத் தருவேன். லேப் 30 பீரியட் தம்பிக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நாலு நாலு பீரியடா எட்டு சனிக்கிழமைல முடிஞ்சுரும். அவரு 2500 கேட்டாரு, ஆஃபீஸ்ல 600ல நின்னாங்க, கெஸ்ட் ஃபேகல்டிக்கு லெக்சருக்கு 1500னு யுஜிசி 2019லயே சொல்லிருச்சேன்னு சர்க்குலர் பிரிண்ட் அவுட்டைக் காட்டி 1500க்கு ரெண்டு பக்கத்தையும் இழுத்துட்டு வந்தேன். மொத்தம் 69,000, கம்பெனி கேட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல.

இன்டர்னல் மார்க் மட்டும் என் லாகின்லதான் போகணுமாம், கெஸ்ட்டுக்குத் தர மாட்டாங்க, அதனால எட்டு சனிக்கிழமையும் எனக்கும் டியூட்டி. டாக்கரைத் திறந்து விடுங்கன்னு சிஸ்டம் அட்மினுக்கு லெட்டர் குடுத்து 9 நாளாச்சு, இன்னும் ஃபார்வர்டு ஆகிட்டே இருக்கு. தம்பிக்கு போன் போட்டு ரெண்டு பென் டிரைவா எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.