ஆறு யூரோ ஒயினும் பத்தாண்டு நிலவறையும்: தக்கையைப் பற்றி ஒரு முறையீடு

லியோனுக்குப் புதிதாகக் குடிபோன என் சித்தப்பா மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, முன்னால் இருந்தவர்கள் நிலவறையில் பத்துப் பாட்டில் ஒயினை விட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் சூப்பர் மார்க்கெட் சரக்கு. 2014, 2015 என்று போட்டிருக்கிறது. குடிக்கலாமா, கொட்டிவிடலாமா?" அவசரத்தில் அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஏறத்தாழ அதே வயதும் அதே விலையும் உள்ள இருபத்து நான்கு பாட்டில்களைப் பாரிஸ் புறநகரில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில் பத்தாண்டுகள் வைத்திருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, திறந்த நாளையும் சுவையையும் ஒரு நோட்டில் எழுதி வந்தவன் நான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பிரான்சில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பெரிய கடைகள் எல்லாம் ஒயின் சந்தை நடத்தும். 2014இல் அப்படி ஒரு சந்தையில் நான்கு வகைகளில் ஆறாறு பாட்டில் வாங்கினேன். மஸ்கதே வெள்ளை, மதிரான் சிவப்பு, சாதாரண போர்தோ சிவப்பு, கோத் து ரோன் சிவப்பு. எதுவும் ஆறு யூரோவைத் தாண்டவில்லை. எங்கள் நிலவறை குளிர்காலத்தில் 11 டிகிரிக்கு இறங்கும், கோடையில் 18 வரை ஏறும். ஒயின் படித்தவர்கள் சொல்லும் 12, 13 டிகிரி நிலைத்த குளிர்ச்சி இல்லை என்றாலும், இருட்டும் ஈரமும் உண்டு. பாட்டில்களைப் படுக்கவைத்தே வைத்தேன்.

இடம் போதாமல் மஸ்கதேயில் ஒன்றை மட்டும் சமையலறை அலமாரியில் வைத்தேன். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் வெயில் 42.6 டிகிரியைத் தொட்டது. அன்று மாலை அந்த அலமாரிக்குள் 34 டிகிரி இருந்தது, நிலவறையில் 18தான். அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு இடத்துப் பாட்டில்களையும் ஒரே நாளில் மேசைக்குக் கொண்டுவந்தேன். அலமாரியில் இருந்ததன் தக்கை மேலே எழும்பி, மூடியிருந்த தகட்டை முட்டிக்கொண்டு நின்றது. சூட்டில் விரிந்த திரவம் அதைத் தள்ளியிருக்கிறது. தகட்டின் உள்விளிம்பில் பழுப்பாகக் காய்ந்த கசிவு ஒட்டியிருந்தது. கண்ணாடிக் குவளையில் ஊற்றியபோது ஒன்று வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது, மற்றது ஆறிப்போன தேநீரின் நிறத்தில் இருந்தது. அதை முகர்ந்தால் நறுக்கிவைத்து மறந்துபோன ஆப்பிள் கறுக்கும்போது வருகிற வாடைதான் வந்தது. பழைய ஒயின் என்றாலே காடியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மூடிய பாட்டிலில் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று தாராளமாக வேண்டும். மெல்லக் கசிந்து நுழையும் ஆக்சிஜன் ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடாக மாற்றுவதால் வருவதே இந்த ஆப்பிள் வாடை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குடிப்பதில் ஒரு சுகமும் இல்லை.

நிலவறை மஸ்கதேயோ என்னை வாயடைக்கச் செய்தது. நாந்த் நகரை ஒட்டிய லுவார் ஆற்றுப் பகுதியில் விளையும் மெலோன் து பூர்கோஞ் திராட்சையில் செய்கிற ஒயின் இது. சிப்பியோடு உடனே குடித்துத் தீர்க்கிற மலிவுச் சரக்கு என்றே பலரும் இதை ஒதுக்குவார்கள். ஆனால் அதன் நல்ல வகைகளை நொதித்த பிறகும் குளிர்காலம் முழுவதும், அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியின் மேலேயே விட்டுவைத்துப் பிறகுதான் அடைக்கிறார்கள். அந்த மண்டி ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது, இயல்பிலேயே உள்ள புளிப்பும் ஒயினைக் காக்கிறது. 2022 டிசம்பரில், ஒன்பது வயதான பாட்டில் ஒன்றை வறுத்த வஞ்சிரத்தோடு திறந்தோம். எலுமிச்சைத் தோலைத் தேனில் ஊறவைத்த மணமும், மழை பெய்து ஓய்ந்த கல்லின் மணமும், முடிவில் நாக்கின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய உப்பும் சேர்ந்து, நாலரை யூரோ கொடுத்து வாங்கியது இதுதானா என்று என் மனைவி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோட்டில் அன்று ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறேன்: "அமிர்தம்."

மதிரானும் ஏமாற்றவில்லை. பிரனே மலையடிவாரத்தில் விளையும் தனா என்ற திராட்சைக்குத் துவர்ப்பு மிக அதிகம். 2015இல் திறந்த முதல் பாட்டில் கடுக்காயைக் கடித்ததுபோல் வாயை இழுத்துப் பிடித்தது. 2021இல் அந்தத் துவர்ப்பு நிறமிகளோடு கூடித் திரண்டு அடியில் மண்டியாகத் தங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, மண்டி கலங்காமல் இறுத்து எடுத்தால், மேலே நின்றது பட்டுபோல் இறங்கியது. ஆறில் ஒன்று மட்டும் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. அது தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை, ஆயிரம் யூரோ பாட்டிலுக்கும் நேர்வதுதான்.

போர்தோவைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்கு இன்னும் பொறுமை போதவில்லை. 2015இல் முதல் பாட்டிலின் தகட்டை வெட்டியபோது உள்ளே இருந்தது மரத்தக்கை அன்று, மஞ்சள் கலந்த பழுப்பில் மரத்தக்கைபோலவே கோடு கோடாக அச்சிட்ட பிளாஸ்டிக். ஈரத்தில் பூக்காது, டிசிஏ வாடையும் தராது என்று அன்று நான் மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டும் ஒயின் நன்றாகவே இருந்தது. 2018இல் திறந்தபோது பழத்தின் மணம் போய்விட்டிருந்தது. 2019இலும் 2020இலும் திறந்த மூன்றும் ஓரத்தில் செங்கல் நிறமாகி, வெந்த உலர்பழ வாடையோடு செத்துக் கிடந்தன. நிலவறை அதுவேதான், குளிர்ச்சியும் அதுவேதான். அந்தக் காலத்து மலிவான பிளாஸ்டிக் தக்கைகள் நல்ல மரத்தக்கையைவிட அதிக ஆக்சிஜனை உள்ளே விட்டன, நாளடைவில் கண்ணாடியோடு இறுகப் பொருந்தும் தன்மையையும் இழந்தன. அடைக்கும்போது சேர்த்த சல்ஃபைட் என்ற காப்புப்பொருள் தீர்ந்துவிட்டால் ஒயினைக் காக்க உள்ளே ஆளில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். ஐந்து யூரோ போர்தோவை யாரும் ஏழாண்டு வைப்பதற்காகச் செய்வதில்லை. இரண்டு ஆண்டுக்குள் குடிக்கிறவருக்கு அந்தத் தக்கையே போதும், விலையும் குறையும். சற்று மெலிந்த 2012 அறுவடை அது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டிலில் ஆல்கஹால் விகிதம், சல்ஃபைட், அடைத்தவர் முகவரி எல்லாம் இருக்கின்றன. 2023 டிசம்பர் 8க்குப் பின் உருவாகும் ஒயினுக்கு மூலப்பொருளும் சத்து விவரமும்கூடத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி வந்துவிட்டது. எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிற அந்த ஒரு பொருள் மட்டும் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. மரக்கோடு அச்சிடச் செலவழித்தவர்கள், "இரண்டு ஆண்டுக்குள் அருந்தவும்" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோத் து ரோன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிரெனாஷ் திராட்சை மிகுந்த ஒயின் காற்றுக்கு எளிதில் வாடும். முதல் மூன்று நன்று, பிறகு திறந்த மூன்றும் சோர்ந்துபோயின. தக்கைத் தூளை ஒட்டிச் செய்த அவற்றின் தூள்தக்கை திருகியில் பொடிந்து ஒயினில் விழுந்ததால் தேநீர் வடிகட்டியில் வடிக்க வேண்டியிருந்தது.

ஆக, இருபத்து நான்கில் பதினைந்து நன்றாக இருந்தன, அதில் ஐந்து அமிர்தம். இருந்தும், மலிவு ஒயினை வாங்கிச் சேர்த்துவை என்று தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். பத்தாண்டு காத்திருந்து திறக்கும் மாலையில், விருந்தினர் முன்னால் அந்தப் பழுப்பு நிறம் குவளையில் இறங்குவதைப் பார்க்கிற கசப்பு அந்த ஐந்து நல்ல நாள்களையும் மறைத்துவிடுகிறது. சென்ற செப்டம்பர் சந்தையில் நான் ஒன்றும் வாங்கவில்லை.

கையில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. கழுத்தில் ஒயின் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு தகட்டின் தலையைக் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்துத் தக்கையைப் பாருங்கள். தகடு இல்லாமல் போனால் ஒயினுக்கு ஒரு கேடும் இல்லை. தம்பி நேற்று இரவு அப்படியே செய்து படம் அனுப்பினான். ஆறு பிளாஸ்டிக், நான்கு மரம். பிளாஸ்டிக்கில் ஒன்றைத் திறந்து வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தான், தேநீர் நிறம். மற்ற ஐந்தையும் இந்த வாரமே திறந்து, தேறாதவற்றை ஊற்றிவிடச் சொன்னேன். மரத்தக்கை போட்ட நான்கும் தை மாதம் நான் லியோனுக்குப் போகும்வரை படுத்தே இருக்கும்.