பயிற்சிக்குப் பின் முட்டையா, பவுடரா?

புரதப் பவுடர் கலக்கிக் குடிக்கும் பாட்டிலான ஷேக்கரை வெள்ளிக்கிழமை பையில் மறந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில்தான் திறந்தேன். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. உள்ளே மிச்சம் இருந்தது மிஞ்சிப்போனால் இரண்டு தேக்கரண்டி பானம். அது கிளப்பிய நாற்றத்தில் அறையில் நிற்க முடியவில்லை. வெந்நீர், சோப்பு, வினிகர் எல்லாம் பார்த்தாயிற்று. மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தைக் கத்திமுனையால் நெம்பி எடுத்தபோது, அதன் அடியில் மஞ்சளாக, பாகுபோல ஒரு படலம். பாட்டிலை அப்படியே குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து ஒன்றரை ஆண்டாக, உடற்பயிற்சி முடிந்ததும் எனக்கு மூன்று அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும்தான். ஆகவே இந்த ஒப்பீடு முட்டைப் பக்கம் சாய்ந்தே இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொரித்த பண்டங்களும் சர்க்கரைப் பானங்களும் போட்டியிலேயே இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம், அல்லது பொதுவாக ஒரு வேளைக்கு 20 முதல் 40 கிராம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையினர் சொல்லும் கணக்கு. எழுபது கிலோ எடையுள்ள எனக்கு முதல் கணக்குப்படி 18 கிராம் அளவில் வருகிறது. அடுத்தது, எப்போது. பயிற்சி முடிந்த கையோடு புரதம் உள்ளே போகாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று நானும் நம்பியவன்தான். உடை மாற்றும் அறையில் நின்றபடியே பவுடரைக் கரைத்து விழுங்கியிருக்கிறேன். 2013இல் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோது, ஒரு நாளில் சாப்பிடும் மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்ததும் அந்த உடனடி வேளையின் மகிமை கரைந்துபோனது. பயிற்சிக்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் ஏதாவது சாப்பிட்டவர்கள் பதற வேண்டியதே இல்லை. பவுடரின் பெரிய பெருமையே அது வேகமாகச் செரிக்கும் என்பதுதான். அவசரமே இல்லாத இடத்தில் வேகத்துக்கு என்ன வேலை?

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பவுடர்தான் ஜெயிக்கும். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் ஒரு கரண்டி, அதாவது 30 கிராம் பொடி போட்டால், 20 முதல் 25 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. பெரிய முட்டை ஒன்றில் 6 கிராம்தான். மூன்று சாப்பிட்டால்தான் என் கணக்கு நிறையும். வேர்க்கடலையைப் பலரும் புரத உணவு என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒரு கைப்பிடியில், ஏறக்குறைய 30 கிராமில், 7 அல்லது 8 கிராம் புரதம்தான் இருக்கிறது. 170 கலோரியும் கூடவே வருகிறது. அதை மட்டுமே கொண்டு 20 கிராமைத் தொட வேண்டுமென்றால் 450 கலோரி உள்ளே போகும். கொறிக்க நல்லது, அதை நம்பியே இருக்க முடியாது. புரோட்டீன் பார்களில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகளைச் சேர்ப்பது வழக்கம். பலருக்கு அது வயிற்றை உப்பச் செய்யும். எனக்கும் செய்தது; மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

இத்தனை கணக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சொன்னது கழுவும் வேலை. கால்களுக்கான பயிற்சி முடித்து, படியேறவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு பாட்டிலைக் கழுவுவதும் பெரிய வேலைதான். உடனே கழுவினால் ஷேக்கரில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் உடனே கழுவுகிற நாட்கள் எத்தனை? பாத்திரம் காய்ந்து தயாராக இருந்த நாட்களில் பவுடர் குடித்தேன். தொட்டியில் கிடந்த நாட்களில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கையில் கிடைத்த பிஸ்கட்டைத் தின்றேன். முட்டைக்கு ஓடுதான் பாத்திரம், வாழைப்பழத்துக்குத் தோல்தான் பாத்திரம். சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் எறிந்துவிடலாம். கை கழுவினால் போதும்.

உரிக்கும் தொல்லையை முதல் மாதம் நானும் அனுபவித்தேன். ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்து, முட்டை நிலாப்பரப்பு மாதிரி குழிகுழியாக நிற்கும். காரணம் எளிது. புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கூடுதலாக இருக்கும். அதனால் உள்சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே அது வெளியேறி, பிடி தளர்ந்துவிடும். எனவே வாங்கி ஒரு வாரம் ஆனதையே அவிக்கிறேன். தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திவிடுவேன். அகன்ற முனையில் ஒரு தட்டு. அங்கே உள்ள காற்றறையின் சவ்வைக் கட்டைவிரலால் பிடித்து இழுத்தால் ஓடு நாடா போலச் சுருண்டு வருகிறது. அதிக நேரம் அவித்தால்தான் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்து, கந்தக வாடையும் கிளம்பும்.

மஞ்சளை எறிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதில்தான் இருக்கிறது. 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பயிற்சி முடித்த பத்து இளைஞர்களுக்கு முழு முட்டையாகவும் வெறும் வெள்ளையாகவும் 18 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் புரத உற்பத்தி முழு முட்டை சாப்பிட்டபோதே கூடுதலாக இருந்தது. பத்துப் பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது; ஆனால் மஞ்சளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கொலஸ்ட்ராலுக்காக மருத்துவர் கட்டுப்பாடு விதித்திருந்தால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முட்டை தோற்கும் இடமும் உண்டு. அவித்ததைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, கடும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். நான் காலையில் வீட்டிலிருந்து போய் வீட்டுக்கே திரும்புகிறவன், தப்பித்துக்கொண்டேன். வேலை முடித்து நேராக உடற்பயிற்சிக்கூடம் போகிறவர்களின் பையில் காலை முதல் கிடக்கும் முட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பவுடரோ வேர்க்கடலையோதான் சரி. இன்னொன்று, மூடிய அறையில் முட்டை உரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பால், தயிர் பற்றி என்னிடம் அதிகம் இல்லை. பால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வடிகட்டிய கெட்டித் தயிரில் 100 கிராமுக்கு 9, 10 கிராம் புரதம் இருப்பதால், செரிக்கிறவர்களுக்கு அது முட்டைக்குச் சரியான போட்டி. முட்டை சாப்பிடாதவர்களுக்காக அவித்த கொண்டைக்கடலையை இரண்டு வாரம் முயன்றேன். அதே அளவு புரதம், கூடவே மாவுச்சத்தும் நார்ச்சத்தும். வயிறு திம்மென்று நின்றது. முதல் நாள் இரவே ஊறப்போட மறந்தால் எல்லாம் போயிற்று; நான் ஐந்து முறை மறந்தேன்.

வாழைப்பழம் 27 கிராம் மாவுச்சத்துக்காக. நாளுக்கு ஒருமுறை பயிற்சி செய்யும் எனக்கு அது போதும். காலையும் மாலையும் ஓடுகிற போட்டியாளர்களுக்கு முதல் நான்கு மணி நேரம் எடையில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கிராமுக்கு மேல் மாவுச்சத்து தேவைப்படும். அங்கே ஒரு பழம் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

பவுடர் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. முட்டை தீர்ந்துபோன நாளில் டம்ளரில் போட்டுக் கரண்டியால் கலக்கிக் குடிக்கிறேன். கட்டி கட்டியாகத்தான் இருக்கும். புது ஷேக்கர் மட்டும் வாங்கவில்லை.